ஏதென்ஸ் நகரத்துப் பந்தய அரங்கும் அதனைப் புதுப்பித்த பொருளும்

பழங்கட்டடமொன்று பழுதுற்ற காலத்து, அதனைப் புதுப்பிப்பவர் யார், எவருடைய பொருளைக்கொண்டு புதுப்பிப்பது, புதுப்பித்த பின் எவருடைய பெயரை வாயிலிற் பொறிப்பது என்னும் மூன்று கேள்விகளும் எழாத சமூகம் உலகத்தில் இல்லை. கட்டட நிதிக்கென நன்கொடைப் புத்தகத்தைக் கையிலேந்தி வீடு வீடாக ஏறியிறங்கிய அனுபவமுடைய நமது சங்கத்து அன்பர்கள் இம்மூன்று கேள்விகளின் கசப்பையும் நன்கறிவார்கள். கொடுப்பதாகக் கையெழுத்திட்டவர் கொடாமையும், கொடாதவர் குறை கூறுதலும், கொடுத்தவர் கல்லிற் பெயரைப் பெரிதாக வெட்டச் சொல்லுதலும் நம்மவர்க்கு மட்டுமே உரிய குணங்கள் என்று சிலர் வருந்துவதுண்டு. அவ்வருத்தம் வேண்டுவதன்று. இரண்டாயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட ஒரு கட்டடத்தின் வரவு செலவுச் சரித்திரத்தை நாம் இங்கே எடுத்துரைக்கப் புகுகின்றோம். அது கிரேக்க தேசத்துத் தலைநகராகிய ஏதென்ஸில், ஆர்டெட்டோஸ், அக்ரா என்னும் இரு குன்றுகளுக்கு நடுவே அமைந்துள்ள ‘பானதினாயிக்கோ’ என்னும் பந்தய அரங்கமாகும். முழுவதும் வெண்மையான சலவைக்கல்லால் ஆகியதாதலின் ‘கல்லிமார்மரோ’, அதாவது ‘அழகிய சலவைக்கல்’ என்றும் ஊரார் அதனை வழங்குவர்.

இவ்வரங்கம் முதன்முதல் கி.மு. 330ஆம் ஆண்டையொட்டி லைகர்கஸ் என்பவரால் அமைக்கப்பட்டது. இவர் ஏதென்ஸ் நகரத்தின் பொக்கிஷ விவகாரங்களைப் பன்னிரண்டு ஆண்டுகள் திறம்பட நடத்தியவர். அக்காலத்தில் அதீனாதேவிக்கு நிகழ்ந்த பெருவிழாவில் ஓட்டப்பந்தயம் முதலியன நடைபெறுவது வழக்கம். அவற்றிற்குத் தக்க இடமாக இரு குன்றுகளின் இடைப்பட்ட பள்ளம் தோன்றிற்று. குன்றுகளின் சரிவுகளே பார்ப்போர் இருக்கையாயின. ஆனால் அந்நிலம் தீனியாஸ் என்னும் ஒருவருக்குச் சொந்தமானது. லைகர்கஸ் அவரிடம் பேசி, நிலத்தை நகரத்திற்கே தானமாகப் பெற்றுக்கொண்டார். பிளாட்டீயா என்னும் ஊரினராகிய யூடிமஸ் என்பவர், மண்ணும் கல்லும் இழுப்பதற்காக ஆயிரம் ஜோடி எருதுகளை உதவினார் என்று அக்காலத்துக் கல்வெட்டொன்று கூறுகின்றது. அவர் ஏதென்ஸ் குடியுமல்லர். பணமாகக் கொடுக்க இயலாதவன் வண்டிமாட்டைக் கொடுத்தால் அதனையும் கல்லில் எழுதிவைத்த அந்நகரத்தாரின் நன்றியறிவை நாம் பாராட்டாமலிருக்க முடியவில்லை. நாளது வரையில் நமக்குக் கிடைத்துள்ள நன்கொடைப் பட்டியல்களுள் மாட்டுக்கணக்கோடு கூடியது இதுபோல் மற்றொன்றை நாம் கண்டதில்லை.

அவ்வரங்கம் நானூற்றைம்பது ஆண்டுகள் மண்சரிவு இருக்கைகளோடேயே பெரும்பாலும் நின்றது. அதன்பின்னர் வந்தவர் ஹெரோடீஸ் ஆட்டிகஸ். ரோமச் சக்கரவர்த்திகளின் ஆட்சியில் கிரேக்க தேசத்திலிருந்த மாபெருந் தனவந்தர் இவரே. இவருடைய குடும்பத்திற்குச் செல்வம் வந்த வகையைப் பிலோஸ்டிராட்டஸ் என்னும் பழைய நூலாசிரியர் சுவைபட எழுதியிருக்கின்றார். ஹெரோடீஸின் தந்தையார் தமக்குரிய வீடொன்றில் புதையலைக் கண்டெடுத்தாராம். அஞ்சிய அவர், நெர்வா சக்கரவர்த்திக்கு விண்ணப்பஞ் செய்து, இதனை என்செய்வது என்று கேட்க, கண்டதை அனுபவித்துக்கொள் என்று விடை வந்ததாம். என் நிலைமைக்கு மிஞ்சிய புதையலாயிற்றே என்று அவர் மறுபடியும் எழுத, அப்படியாயின் அளவுக்கு மிஞ்சியே அனுபவித்துக்கொள், அது உன்னுடையதே என்று சக்கரவர்த்தி மறுமொழி அனுப்பினாராம். எழுதி அனுமதி பெற்றுக்கொண்டே புதையலை எடுத்த அவருடைய முன்னெச்சரிக்கை வியக்கத்தக்கது.

இத்தந்தையார் இறக்குங்கால், ஏதென்ஸ் குடிமக்கள் ஒவ்வொருவருக்கும் ஆண்டுதோறும் ஒரு ‘மினா’ வெள்ளி கொடுக்கவேண்டுமென்று உயில் எழுதிவைத்தார். ஊர் முழுவதற்கும் ஆண்டுதோறும் கொடுப்பதென்றால் எத்தகைய சுமை! மகனாகிய ஹெரோடீஸ் குடிமக்களோடு பேசி, ஆளுக்கு ஐந்து மினாக்களை ஒரே தவணையிற் கொடுத்துவிடுவதாக ஏற்பாடு செய்தார். குடிமக்களும் இசைந்தனர். பணம் வாங்கப் போன இடத்திலோ வேறொன்று நேர்ந்தது. அவர்களுடைய பாட்டன்மாரும் தந்தையரும் ஹெரோடீஸின் குடும்பத்தாரிடம் வாங்கியிருந்த பழங்கடன் சீட்டுகளை வரிசையாக எடுத்துப் படித்து, கடனைக் கழித்துக்கொண்டனர். சிலருக்கு அற்பத்தொகை கிடைத்தது. சிலருக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை. சிலர் மேற்கொண்டு தாமே கொடுக்கவேண்டியவராயினர்.

இதே ஹெரோடீஸ்தான், அதீனா விழாவை நடத்தும் பொறுப்பேற்றபோது, அடுத்த விழாவுக்கு வரும் வீரர்களையும் விருந்தினர்களையும் வெண்சலவைக்கல்லாலான அரங்கத்தில் வரவேற்பேன் என்று ஊரறியச் சொல்லி, நான்கே ஆண்டுகளில் சொன்னபடி செய்து முடித்தார். இது கி.பி. 139க்கும் 144க்கும் இடைப்பட்டது. பெண்டெலி மலையிலிருந்து வெட்டிய கல்லின் அளவு அம்மலையின் பெரும்பகுதியையே தின்றுவிட்டதென்று, பின்னர் அவ்வூருக்குச் சென்ற யாத்திரிகரான பௌஸேனியாஸ் எழுதுகின்றார். சுமார் ஐம்பதினாயிரம் பேர் அமரத்தக்க அரங்கம் அது. அத்தகைய கொடையைப் பெற்றும் நகரத்தார் வாய் சும்மாயிருக்கவில்லை. ‘பானதினாயிக்கோ’ என்றால் ‘ஏதென்ஸ் மக்கள் அனைவருக்கும் உரியது’ என்பது பொருள். பெயர் பொருத்தமாகத்தான் இருக்கின்றது, ஏதென்ஸ் மக்கள் அனைவருக்கும் சேரவேண்டிய பணத்தைப் பிடித்துக்கொண்டல்லவா கட்டப்பட்டது என்று அவர்கள் சிலேடையாகப் பேசிக்கொண்டனர்.

அவ்வூராரின் பேச்சில் நியாயமில்லை என்று நாம் சொல்லமாட்டோம். கடன் சீட்டு மெய்யானதே. ஆயினும் தந்தையார் தர்மமாக எழுதிவைத்ததைக் கடன் வசூலாக்கிய பின் கட்டிய மாளிகை எத்துணைப் பெரிதாயினும், அதனைப் பார்க்கும் ஏழைக்குத் தன் ஐந்து மினா நினைவுக்கு வராமற் போகாது. ஆனால் காலம் சென்றால் ஊரின் மனமும் மாறும். ஹெரோடீஸ் தமது பிறப்பிடமாகிய மாரத்தானில் உயிர் நீத்தபோது, தம்மை அங்கேயே அடக்கஞ் செய்யும்படி சொல்லியிருந்தும், ஏதென்ஸ் இளைஞர்கள் சென்று அவருடைய உடலைத் தம் கைகளால் சுமந்து நகரத்திற்குக் கொணர்ந்து, அவர் கட்டிய அரங்கத்தின் பக்கத்திலேயே அடக்கஞ் செய்தனர் என்று அந்த நூலாசிரியரே கூறுகின்றார். மாரத்தானிலிருந்து அரங்கத்திற்கு வந்த இவ்வழியை நேயர்கள் நினைவில் வைத்துக்கொள்ளவேண்டும்.

நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தியோடோஸியஸ் சக்கரவர்த்தி பழைய தேவதைகளின் விழாக்களை விலக்கினார். விழா நின்றது, அரங்கத்திற்கு வேலையின்றிப் போயிற்று. பகைவர் எவரும் வந்து அதனை இடிக்கவில்லை. ஊராரே இடித்தனர். வீடு கட்டக் கல் வேண்டியவர் இருக்கைகளைப் பெயர்த்துச் சென்றனர். சலவைக்கல்லைச் சுட்டால் நல்ல சுண்ணாம்பாகும். ஆதலின் அரங்கத்தினருகே காளவாய் போட்டுச் சுட்டுத் தீர்த்தனர். ஹெரோடீஸ் பெண்டெலி மலையைக் குடைந்து கொணர்ந்ததெல்லாம் ஏதென்ஸ் வீடுகளின் சுவர்ப்பூச்சாகப் போய்விட்டது. எஞ்சிய பள்ளத்தில் பயிரிட்டார்கள். பிற்காலத்து ஐரோப்பிய யாத்திரிகர்கள், அரங்கத்தின் பின்புறத்தில் குன்றைக் குடைந்து வளைவாகக் கட்டியிருந்த பழஞ்சுரங்க வழியில் கன்னிப்பெண்கள் நல்ல கணவன் வாய்க்கவேண்டுமென்று மந்திரச் சடங்குகள் செய்துவந்ததைக் குறித்திருக்கின்றனர். பந்தய வீரர் நடந்த வழிக்கு மிஞ்சிய உபயோகம் அவ்வளவே.

ஹெரோடீஸ் கட்டுவதற்குப் பொருள் தந்தார். காப்பதற்கு ஒரு வழி ஏற்படாமற்போயிற்று என்பது நமது கருத்து. விழா நடந்தவரையில் விழாவே காவலாயிருந்தது. அது நின்றபின் கல்லுக்குக் காவல் யாருமில்லை.

நிற்க, ஆயிரத்து நானூறு ஆண்டுகளைத் தாண்டி இக்காலத்திற்கு வருவோம். துருக்கியரின் ஆட்சியிலிருந்து விடுதலைபெற்ற கிரேக்க தேசம் சிறியது, வறியது. ஆனால் கிரேக்கர் வணிகத்திற் சிறந்தவர். கடல்கடந்து சென்று ருமேனியா, எகிப்து முதலிய நாடுகளில் பெரும்பொருள் ஈட்டியவர் பலர். ஈட்டிய பொருளில் ஒரு பகுதியைப் பிறந்த ஊருக்கும் தலைநகருக்கும் அனுப்புவதை அவர்கள் கடமையாகவே கருதினர். ஏதென்ஸ் நகரத்துப் பல்கலைக் கூடங்கள், பள்ளிகள் முதலியவற்றுள் எத்தனையோ, ஊரை விட்டுப் போனவர்களின் பணத்தால் எழுந்தவை. நமது அரங்கத்தின் மறுபிறப்பும் அத்தகைய இரண்டு வணிகர்களின் கதையே. ஒருவருடைய பணம் தாமதப்பட்டது. மற்றவருடையது வேலையை முடித்தது.

முதல்வர் இவாஞ்சலிஸ் ஸாப்பாஸ். எப்பிரஸ் நாட்டிற் பிறந்து, விடுதலைப் போரிற் போரிட்டு, பின்னர் ருமேனியாவுக்குச் சென்று நிலபுலன்களால் பெருஞ்செல்வரானவர். பழைய ஒலிம்பியப் பந்தயங்களை மறுபடியும் நடத்தவேண்டும், அதற்கான செலவைத் தாம் ஏற்பதாக 1856ஆம் ஆண்டில் ஓத்தோ மன்னருக்கு எழுதினார். பழைய அரங்கத்தைப் புதுப்பிக்கவேண்டுமென்பதும் அவருடைய விருப்பம். அரசாங்கத்தாரோ, அக்காலத்து அயல்நாட்டு விவகார மந்திரியான ரங்காவிஸ் முதலானோர், ஓட்டமும் குதித்தலும் பழங்காலத்துப் பொழுதுபோக்கு, இக்காலத்திற்கு வேண்டுவன கைத்தொழிலும் விவசாயமும் என்று கருதினர். பணம் கொடுப்பவர் ஒன்றை நினைக்க, செலவு செய்பவர் மற்றொன்றை நினைத்தால் என்ன விளையுமோ அதுவே விளைந்தது. கைத்தொழிற் பொருட்காட்சியோடு ஒட்டுப்போட்ட பந்தயங்களாக 1859ஆம் ஆண்டில் அவை நடந்தன. அரங்கத்திலன்று, நகரத்து நாற்சந்தி மைதானத்தில்.

ஸாப்பாஸ் 1865ஆம் ஆண்டில் இறந்தார். தம் சொத்தின் பெரும்பகுதியை இப்பந்தயங்களுக்கும், அதற்கென ஒரு மண்டபத்திற்கும் எழுதிவைத்தார். அப்பணத்தைக்கொண்டு 1870ஆம் ஆண்டுப் பந்தயங்கள் அரங்கத்திலேயே நடந்தன. அதற்குமுன் 1869, 1870ஆம் ஆண்டுகளில் ஜெர்மானியக் கட்டடக்கலை வல்லுநரான எர்ன்ஸ்ட் ஸில்லர் மண்ணை அகற்றித் தோண்டி, அரங்கத்தின் பழைய வடிவத்தைக் கண்டறிந்து வரைந்துவைத்தார். இருமுகங்கள் கொண்ட பழைய சலவைக்கல் தூண்கள் சில அப்போதே வெளிப்பட்டன. அன்று கூடியவர் முப்பதினாயிரம் பேர் என்பர். இருக்கைக்குக் கல் இல்லை. அடுத்து 1875ஆம் ஆண்டில் நடந்த பந்தயம் சிறப்புறவில்லை. உயிலின் பொருள் பெரும்பாலும் ஸாப்பெயோன் என்னும் பொருட்காட்சி மண்டபத்தின் மேற் சென்றது. அது 1888ஆம் ஆண்டில்தான் திறக்கப்பட்டது. ஸாப்பாஸின் விருப்பப்படியே, ருமேனியாவில் அடக்கஞ் செய்த அவருடைய எலும்புகள் பின்னர் எடுக்கப்பட்டு, உடலின் எலும்புகள் சொந்த ஊருக்கும் தலை இம்மண்டபத்திற்கும் சேர்ந்தன. இன்றும் அத்தலை அம்மண்டபச் சுவரினுள் இருக்கின்றது. மண்டபத்தைக் காக்கும் கொடையாளர் வேறெவரும் இவரைப்போல் அத்துணை அருகிலிருந்து காத்ததாக நாம் கேள்விப்பட்டதில்லை.

உயிலோடு தொல்லை முடியவில்லை. சொத்தை நிர்வகித்துவந்த அவருடைய பங்காளியாகிய கொன்ஸ்டான்டினோஸ் ஸாப்பாஸ் 1892ஆம் ஆண்டில் இறக்கவே, ருமேனியாவிலுள்ள நிலங்களுக்கு உரிமை எவருக்கு என்று வழக்கு மூண்டது. அந்நாட்டு அரசாங்கத்தாருக்கும் கிரேக்க அரசாங்கத்தாருக்கும் இடையே இராஜீய உறவே முறிந்தது. ஓர் உயிலின் பொருட்டு இரு நாடுகள் தூதர்களைத் திரும்ப அழைத்துக்கொண்டன. அரங்கமோ புல் முளைத்துக் கிடந்தது.

1894ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் பாரிஸ் நகரத்தில் கூடிய மகாசபை, பிரெஞ்சுக்காரரான பியேர் தெ குபெர்த்தானின் முயற்சியால் ஒலிம்பியப் பந்தயங்களைச் சர்வதேச முறையில் உயிர்ப்பிக்கத் தீர்மானித்து, முதற் பந்தயத்தை 1896ஆம் ஆண்டில் ஏதென்ஸிலேயே நடத்தும்படி முடிவு செய்தது. கிரேக்கராகிய விக்கேலாஸ் தலைவரானார். கௌரவம் பெரிதுதான். ஆனால் அதற்கு ஆறு மாதங்களுக்கு முன்னேதான், 1893 டிசம்பரில், கிரேக்க அரசாங்கம் கடன் கொடுத்தவர்களுக்கு மஞ்சட்கடுதாசி நீட்டியிருந்தது. பிரதம மந்திரி திரிகூபிஸ் சட்டசபையில் எழுந்து, வருந்துகின்றோம், நாம் திவாலாகிவிட்டோம் என்னும் கருத்துப்படப் பேசியது பிரசித்தம். அத்தகையவர் ஓட்டப்பந்தயத்திற்குப் பணம் எங்கிருந்து தருவார்? ஸாப்பெயோன் நிர்வாக சபைத் தலைவரான திராகூமிஸ் என்பவரும், ஏதென்ஸால் இப்பொறுப்பை ஏற்க இயலாதென்று குபெர்த்தானுக்கு எழுதிவிட்டார். திரிகூபிஸை அற்பபுத்தியுடையவரென்று அக்காலத்தார் சிலர் தூற்றினர். நாம் அவ்வாறு எண்ணவில்லை. கடன்காரர் வாயிலில் நிற்கும்போது வாயிலுக்கு வர்ணம் பூச மறுத்த குடும்பத்தலைவரை எவ்வாறு குறை கூறுவது?

இந்நிலையில் பட்டத்து இளவரசர் கொன்ஸ்டான்டைன் நிர்வாக சபையைத் தம் தலைமையில் அமைத்துக்கொண்டார். ஏதென்ஸ் நகரசபையின் முன்னாள் தலைவரான திமோலியோன் பிலெமோன் காரியதரிசியானார். 1895 ஜனவரியில் திரிகூபிஸ் பதவி விட்டிறங்கினார். பொதுமக்களிடம் சந்தா திரட்டும் வேலை தொடங்கியது. உள்நாட்டிலும் கடல்கடந்த ஊர்களிலுமிருந்த கிரேக்கர்கள் தம்மாலியன்றதை அனுப்பினர். இவ்வாறு சேர்ந்த தொகை சுமார் 3,30,000 திரக்மா. கடனில் மூழ்கிய நாட்டில் இத்தொகை சிறிதன்று. ஆனால் துப்பாக்கி சுடும் இடமும், மிதிவண்டிப் பந்தயத்திற்கான தளமும், இன்ன பிறவும் கட்டவேண்டியிருந்தன. அரங்கத்திற்கு மட்டுமே மதிப்பிட்ட செலவு 5,85,000 திரக்மா. சந்தா முழுவதையும் கொட்டினாலும் பாதியிற் சற்று மிகுதியே முடியும்.

எனவே பிலெமோன் கப்பலேறி எகிப்து தேசத்து அலெக்ஸாந்திரியாவுக்குச் சென்றார். அங்கே ஜார்ஜியோஸ் அவெரோப் என்பார் இருந்தார். இவர் எப்பிரஸ் நாட்டு மெட்ஸோவோ என்னும் மலையூரினர். இளமையில் எகிப்துக்குப் போய், வாணிகத்தால் பெருந்தனவந்தரானவர். அலெக்ஸாந்திரியாவிலுள்ள கிரேக்க சமூகத்தின் தலைவர்; அச்சமூகத்துப் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் கட்டித் தந்தவர்; ஏதென்ஸ் நகரத்துப் பொறியியற் கல்லூரிக்கு வாரிவழங்கிய மெட்ஸோவோ ஊரினருள் ஒருவர். அவ்வூராரின் பெயராலேயே அக்கல்லூரி இன்றும் வழங்கி வருகின்றது. பிலெமோன் இளவரசரின் வேண்டுகோளை எடுத்துரைத்தபோது, ஒரு பகுதியையன்று, அரங்கத்தின் முழுச் செலவையும் தாமே ஏற்பதாக அவெரோப் சொன்னார்.

நன்கொடை கேட்டுப் போனவர் எவருக்கும் அந்தக் கணத்தின் இன்பம் விளங்கும். எனினும் அவெரோப் அவர்களின் மேன்மை நமக்குத் தோன்றுவது அச்சொல்லில் அன்று. அதற்குப் பின் நேர்ந்ததில். கட்டட வேலைக்குரிய மதிப்பீடுகள் எங்கும் வளர்வது போலவே அதுவும் வளர்ந்தது. 5,85,000 என்றது ஏறி ஏறி 9,20,000 திரக்மாவாயிற்று. மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட தொகை மறுமுறை கேட்டபோது மனம் சுளிக்காமற் கொடுத்தார். முதற்கொடை புகழுக்காகவும் கொடுக்கப்படலாம். இரண்டாங் கொடையைக் கொடுப்பவர் கட்டடம் முடியவேண்டுமென்றே கொடுக்கின்றார். ஸாப்பாஸின் பொருளும் குறைந்ததன்று, அன்பும் குறைந்ததன்று. அவர் இறந்தபின் பிறர் கையாற் செலவாயிற்று. அவெரோப் உயிரோடிருக்கையில் தம் கையாற் கொடுத்தார்.

சந்தாப் பணம் இதனால் விடுபட்டு மற்றக் களங்களுக்குப் பயன்பட்டது. அதுவும் போதாதாகவே புதுமையானதொரு வழி கண்டனர். தபால் முத்திரை சேகரிப்பவரான ஸகொராபோஸ் என்பவரின் யோசனைப்படி, பழைய பந்தயக் காட்சிகள் பொறித்த பன்னிரண்டு வகைத் தபால் முத்திரைகளை அரசாங்கம் வெளியிட்டது. ஒலிம்பியப் பந்தயத்திற்கென வெளிவந்த முதல் தபால் முத்திரைகள் இவையே. இவற்றால் 4,00,000 திரக்மாவும், அநுமதிச் சீட்டு விற்றதனால் 2,00,000 திரக்மாவும் கிடைத்தன. கடிதம் எழுதுபவனும் கொடையாளனாகிய இவ்வுபாயத்தை நமது சங்கத்தார் சிந்திக்கலாம் என்று எழுத முற்பட்டோம். தபால் முத்திரை அச்சிடும் அதிகாரம் சங்கங்களுக்கு இல்லையென்பது உடனே நினைவு வந்தது.

வேலை நடந்த விதத்தையும் சிறிது கூறவேண்டும். ஸில்லர் முன்னர் வரைந்த படங்களை அடிப்படையாகக் கொண்டு, அனஸ்தாஸியோஸ் மெடாக்ஸாஸ் என்னும் கட்டடக்கலை வல்லுநர் பணியை நடத்தினார். (இவரே துப்பாக்கி சுடுவதிலும் வல்லவராய் அவ்வாண்டுப் பந்தயங்களிற் கலந்துகொண்டார்.) புதியதொரு வடிவத்தைக் கற்பிக்காமல், ஹெரோடீஸின் அடித்தளத்தின் மேலேயே, அதே லாட வடிவில், அதே பெண்டெலி மலைக் கல்லைக்கொண்டு எழுப்புவதென்று தீர்மானித்தனர். மலையிலிருந்து கல் வெட்டி இறக்கி, செதுக்கி, வரிசையிற் பொருத்துவது ஓராண்டில் முடியும் காரியமன்று. 1896 ஏப்ரல் நெருங்கியபோது சலவைக்கல் வேலை ஒரு பகுதியே முடிந்திருந்தது. எஞ்சிய வரிசைகளுக்கு மரப்பலகை அடித்து வெள்ளை வர்ணம் பூசிவிட்டனர். தூரத்திலிருந்து பார்ப்பவனுக்கு எல்லாம் சலவைக்கல்லாகவே தோன்றியிருக்கும். திருவிழாவுக்கு முன்னிரவு கோபுரத்திற்குச் சாரங்கட்டி வர்ணம் அடித்த அனுபவமுள்ளவர்கள் இதைக் குறையென்று சொல்லமாட்டார்கள்.

பழைய வடிவத்தைப் பிடிவாதமாகக் காத்ததனால் ஒரு குறையும் நேர்ந்தது. அதனை மறைப்பது நேர்மையன்று. பழங்காலத்து ஓட்டம் நேராக ஓடிக் கம்பத்தைச் சுற்றித் திரும்புவது. ஆதலின் களம் நீண்டு ஒடுங்கியிருந்தது. இக்காலத்து ஓட்டக்காரர் வட்டமாக ஓடுபவர். 33 மீட்டர் அளவே அகலமுள்ள அக்களத்தின் இருமுனைகளிலும் வளைவு மிகக் குறுகியதாகவே, வேகமாக வருபவர் வேகத்தைத் தணித்தே திரும்பவேண்டியிருந்தது. வீரர்கள் முணுமுணுத்தனர். பிற்காலத்தில் பெரும் பந்தயங்கள் வேறு அரங்கங்களுக்குப் போனமைக்கு இதுவும் ஒரு காரணம். விளையாட்டுக்காகப் புதுப்பிக்கும் கட்டடத்தை விளையாட்டுக்கேற்ப மாற்றாதது தவறென்று வாதிப்பவர் உண்டு. நாமோ மெடாக்ஸாஸின் பக்கமே நிற்கின்றோம். அகலப்படுத்தியிருந்தால் ஏதென்ஸுக்கு மற்றொரு புதிய மைதானம் கிடைத்திருக்கும். லைகர்கஸ் நிலம் கேட்டு வாங்கிய பள்ளம் போயிருக்கும்.

1896 ஏப்ரல் 5ஆம் தேதி அரங்கத்தின் முன்பு அவெரோப்பின் சலவைக்கற் சிலை திறக்கப்பட்டது. மறுநாள் மன்னர் முதலாம் ஜார்ஜ் பந்தயங்களைத் தொடங்கிவைத்தார். அரங்கத்திலும் சுற்றுக் குன்றுகளிலும் கூடியவர் எண்பதினாயிரம் பேருக்குக் குறையார் என்று மதிப்பிட்டனர். சந்தாக் கொடுத்தவரும் கொடாதவரும் கலந்து அமர்ந்திருந்தனர். ஆனால் அந்நாட்டு வீரர்களுக்கு அரங்கத்தினுள் நடந்த ஓட்டங்களில் வெற்றி கிட்டவில்லை. கூட்டத்தின் முகம் நாளுக்கு நாள் வாடியது. ஏப்ரல் 10ஆம் தேதி மாரத்தான் ஊரிலிருந்து அரங்கம் வரை நெடுந்தூர ஓட்டம். மாலையில் வாயிலில் ஆரவாரம் எழுந்தது. மரூஸி ஊரினரும் தண்ணீர் சுமந்து விற்கும் தொழிலினருமாகிய ஸ்பிரிடோன் லூயிஸ் புழுதியும் வியர்வையுமாக உள்ளே ஓடிவந்தார். பட்டத்து இளவரசரும் அவருடைய தம்பியும் இருக்கையை விட்டிறங்கி அவரோடு பக்கத்தில் ஓடினர். 2 மணி 58 நிமிஷம் 50 விநாடி. ஹெரோடீஸின் உடலை இளைஞர்கள் சுமந்து வந்த ஊரிலிருந்தே இவரும் வந்தார்.

மரப்பலகைகள் அவ்வாறே நின்றுவிடவில்லை. விழா முடிந்ததும் வேலை கைவிடப்படுவதே உலக வழக்கம். இங்கே அது தொடர்ந்தது. பலகைகளை அகற்றி வரிசை வரிசையாகச் சலவைக்கல் பதித்தனர். அவெரோப் 1899ஆம் ஆண்டில் அலெக்ஸாந்திரியாவில் காலமானார். மறுவருஷம், 1900இல், அரங்கம் முழுவதும் சலவைக்கல்லாயிற்று. அவருடைய உயிலிலிருந்த பொருளின் ஒரு பகுதி, பின்னர் அவருடைய பெயரையே பூண்ட போர்க்கப்பலொன்றை வாங்க உதவிற்று.

அதன்பின் 1906ஆம் ஆண்டில் இடைக்காலப் பந்தயங்கள் அங்கே நடந்தன. 1968ஆம் ஆண்டில் ஏதென்ஸ் நகரத்துக் கூடைப்பந்துக் கழகமாகிய ஏ.இ.கே., ஐரோப்பியக் கிண்ணமொன்றின் இறுதியாட்டத்தில் பிராக் நகரத்து ஸ்லாவியா கழகத்தை இவ்வரங்கத்திலேயே வென்றது. 2004ஆம் ஆண்டு ஒலிம்பியப் பந்தயம் ஏதென்ஸுக்குத் திரும்பியபோது அம்பெய்தற் பந்தயங்கள் இங்கு நிகழ்ந்தன; நெடுந்தூர ஓட்டமும் இங்கே முடிந்தது. இப்போது இவ்வரங்கம் கிரேக்க ஒலிம்பியக் கழகத்தாரின் பொறுப்பிலுள்ளது. காண வருவோரிடம் நுழைவுக் கட்டணம் வாங்கப்படுகின்றது. சிலர் அதனைக் குறை கூறினும், காளவாயிற் போன கல்லை நினைத்தால் நமக்கு அக்கட்டணம் கசக்கவில்லை. ஸில்லர் தோண்டியெடுத்த இருமுகத் தூண்கள் ஓடுதளத்தருகே நிற்கின்றன. ஆண்டுதோறும் நவம்பர் மாதத்தில் பல நாட்டவரும் மாரத்தானிலிருந்து ஓடிவந்து, வெளியே நிற்கும் அவெரோப்பின் சிலையருகே திரும்பி, அச்சலவைக்கல் வரிசைகளுக்கு நடுவே நுழைகின்றனர்.